எல்லை வாய்க்காலும் அமெரிக்கத் தாய்மாமனும்

நான் வெளிநாடு போய்வந்தவன். இதைச் சொன்னால் திருவல்லிக்கேணி நண்பர்கள் சிரிக்கிறார்கள். காலையில் பாரிஸ் கார்னரில் பஸ் ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரியில் இறங்கியவனை வெளிநாடு போனவனாக ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் சட்டம் என் பக்கம். அங்கே ஒரு மூவர்ணக் கொடி இறங்கி இன்னொரு மூவர்ணக் கொடி ஏறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நிர்வாகம் டில்லியிடம் வந்துவிட்டது. ஊரை எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தைத்தான் பாரீஸில் இன்னும் உறுதி செய்யவில்லை. ஆகவே நான் போன ஐம்பத்தொன்பதாம் வருஷத்து ஆடி மாதத்தில் புதுச்சேரி ஏட்டளவில் பிரான்ஸ்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போவதாகச் சொன்னார். முன் சீட்டுக்காரருக்கும் கல்யாணம். பின் சீட்டில் மூன்று பேருக்கு ஒரே கல்யாணம். ஆடியில் ஏது முகூர்த்தம் என்று கேட்டேன்.

“புதுச்சேரியில தெனம் முகூர்த்தந்தான் சார்,” என்றார் பக்கத்துச் சீட்டுக்காரர், உதட்டைத் துடைத்துக்கொண்டு.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு. புதுச்சேரியில் அந்த வம்பு கிடையாது.

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. மிஸ் வீலர் என்ற அமெரிக்கப் பேராசிரியைக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். ஐம்பது வயது, ஆறடி உயரம், தொப்பி, பெரிய சிரிப்பு. தன் தேசத்து அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று ஊர் ஊராகப் பேசிவருபவர். அதே பஸ்ஸில் முன்னால் பெண்கள் சீட்டில் இருந்தார். மதராஸில் ஒரு டுடோரியல் காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, இங்கிலீஷைத் தமிழாக்கும் வேலை சிபாரிசில் கிடைத்தது.

திண்டிவனம் தாண்டி டயர் வெடித்தது. கல்யாணக்காரர்கள் முகூர்த்தம் தவறிவிடுமே என்று பதறினார்கள். மிஸ் வீலர் புளியமர நிழலில் நின்று அவித்த வேர்க்கடலையைத் தோலோடு தின்றார். தோலை உரிக்க வேண்டும் என்று சொல்வதற்குள் பாதிப் பொட்டலம் காலி. இத்தனை பேருக்கும் என்ன அவசரம் என்று அவர் கேட்க, நான் மதுவிலக்கைச் சொன்னேன்.

“எங்கள் வட்டாரமும் அப்படித்தான்,” என்றார். “ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு விற்கக்கூடாது. அந்தப் பக்கம் அடுத்த வட்டாரம், அங்கே கடைத்தெருவே அதுதான். இந்தப் பக்கம் மதுவிலக்கு வேண்டும் என்று மேடையில் முழங்கியவர் என் மாமா. அந்தப் பக்கக் கடைகளும் அவருடையவை.”

நான் சிரித்தேன். அடுத்த சில நாள்களில் இந்த மாமாவால் என் பிழைப்பு தடுமாறப்போகிறது என்று தெரிந்திருந்தால் கடலைத்தோலை உரிப்பதிலேயே பேச்சைத் திருப்பியிருப்பேன்.

எங்களை வரவழைத்தவர் முசே அந்துவான். அங்கே பெரிய மனிதர்களை ஐயா என்பதற்குப் பதில் முசே என்கிறார்கள். வக்கீல், நிலக்காரர், பிரெஞ்சில் கோபித்துத் தமிழில் சமாதானம் ஆகிறவர். பிரெஞ்சுக்காரன் இருந்தவரை வெள்ளைச் சூட்டும் தொப்பியுமாக அவன் பக்கத்து நாற்காலியில் இருந்தாராம். கொடி மாறிய வாரம் கதருக்கு மாறினார். நாற்காலி மாறவில்லை.

சாப்பாட்டு மேசையில் நீள ரொட்டி வைத்திருந்தார்கள். கம்பு மாதிரி இருந்தது, தட்டினால் சத்தம் வந்தது. அதைப் பிய்த்துக் காரசாரமான வஞ்சிர மீன் குழம்பில் தோய்த்துத் தின்ன வேண்டும். பக்கத்தில் ஒயின். நான் மதராஸ் ராஜ்யத்துப் பிரஜை. அந்நிய நாட்டின் வழக்கத்தை அவமதிக்கக் கூடாது என்று கொஞ்சம் குடித்தேன்.

முசேக்கு இங்கிலீஷ் அரைகுறை. தமிழில் என்னிடம் சொல்லி அம்மையாரிடம் சொல்லச் சொன்னார்.

“மத்மொசேல், உங்க தேசத்துல எவ்ளோ சின்ன ராஜ்யமா இருந்தாலும் ரெண்டு செனட்டர் உண்டு. பெரிய ராஜ்யம் சின்னத முழுங்க முடியாது. அதத்தான் எங்க சனங்களுக்குச் சொல்லணும். புதுச்சேரிய மதராஸோட சேக்கணும்னு சில பேரு கத்தறாங்க. நாங்க தனி. எங்க பாஷ தனி, எங்க ரொட்டி தனி. வுவாலா, அவ்ளோதான்!”

மிஸ் வீலர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார். “இரண்டு செனட்டர் உண்டு. அவர்கள் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்வேன்.”

அதை நான் “அப்படியே சொல்வதாகச் சொல்கிறார்” என்று தமிழாக்கினேன்.

கை கழுவும்போது முசே என் தோளில் கை போட்டார். “இங்க காலேஜ்ல சரித்திரத்துக்கு ஒரு ஆளு தேடறாங்க. நான் ஒரு வார்த்த சொன்னா போதும். கூட்டம் நல்லபடியா முடியட்டும்.”

என் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிரந்தர வேலை கிடைத்தால்தான் தேதி என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். அன்று படுக்கையில் வேலையும் தேதியும் ஒயினும் சேர்ந்து என் தலைக்குள் சுற்றின.

மறுநாள் முசே தன் காரில் எங்களைப் பாகூர்ப் பக்கம் அனுப்பினார், ஏரி பார்க்க. மிஸ் வீலருக்கு ஏரியைவிட எல்லையைப் பார்க்கத்தான் ஆசை. டிரைவரிடம் கேட்டேன்.

“எந்த எல்லைங்க? காலைலருந்து எத்தினியோ தடவ தாண்டியாச்சி. தோ அந்தக் கரும்பு புதுச்சேரி, இந்த நெல்லு மதராஸ், அப்பறம் வர்ற கோயில் புதுச்சேரி, கோயில் கொளம் மதராஸ்.”

பீங்கான் தட்டைக் கீழே போட்டு உடைத்தது போல் அந்த ராஜ்யம் சிதறிக் கிடக்கிறது. ஒரு வாய்க்கால் கரையில் கார் நின்றுவிட்டது. பாலம் நடுவில் இடிந்து விழுந்திருந்தது. அந்தக் கரை மதராஸ், இந்தக் கரை புதுச்சேரி. மேலே ஒரு பனைமரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அக்கரையில் கடலூர் பஸ் ஒன்று வந்து நிற்க, அதிலிருந்து ஆண்கள் இறங்கிப் பனைமரத்தில் கழைக்கூத்தாடிகளாக நடந்து இக்கரைக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஊருக்குள் போகவில்லை. புங்கமரத்தடியில் இருந்த சாராயக் கடைக்குள் போனார்கள்.

மிஸ் வீலர் செருப்பைக் கழற்றிவிட்டு அக்கரைக்குப் போய்த் திரும்பினார். வெட்கத்துக்கு அஞ்சி நானும் ஏறினேன். நடுவில் பனைமரம் உருண்டது. முந்தின வார மழைத் தண்ணீர் முழங்காலளவு. சேறு அதற்குக் கீழே தனியாக.

தலையில் கத்திரிக்காய்க் கூடையோடு நின்ற ஒரு பெண், கூடையை இறக்காமலே கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டாள். பெயர் பச்சையம்மா. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள்.

“சாராயம் குடிச்சிட்டுப் போறவனே உழறதில்ல. நீ குடிக்காமயே உழுந்துட்டியே தம்பி.”

சென்ற வருஷம் அவள் வீட்டு மாட்டு வண்டி பாலத்தோடு சேர்ந்து சரிந்து, புருஷன் கால் வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டது. அவர் இப்போது கோல் ஊன்றித்தான் நடக்கிறார். வயலும் வீடும் இக்கரையில், காய் விற்கும் மார்க்கெட் அக்கரையில். வண்டி போக வழியில்லாததால் விளைந்ததையெல்லாம் பெண்கள் தலையில் சுமந்து பனைமரத்தின் மேல் நடக்கிறார்கள்.

“ஏன் கட்டவில்லை?” என்று மிஸ் வீலர் கேட்டார்.

“அந்தாண்ட போயி கேட்டா, புதுச்சேரி சனத்துக்குத்தான் பாலம், அங்க கேளுங்கறான். இங்க வந்து கேட்டா, பாதி மதராசுல இருக்குது, அங்க கேளுங்கறான். டில்லிக்கி எழுதணும்னான் ஒருத்தன். பாரீசுக்கு எழுதணும்னான் இன்னொருத்தன். எழுதறதுக்கு ஊரா இல்ல?”

“இந்தக் கடை யாருடையது?” என்றேன்.

பச்சையம்மா எங்கள் காரை ஒரு பார்வை பார்த்தாள். “நீ வந்த காரு யாருதோ அவருது. பாலம் நல்லா இருந்தா பஸ்ஸு நிக்காம ஊருக்குள்ள போயிடும். இங்க நின்னாத்தான யாவாரம்?”

மிஸ் வீலருக்கு மொழிபெயர்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது,” என்றார்.

மூன்றாம் நாள் கூட்டம். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மண்டபம். முன் வரிசைகளில் சூட்டும் ஜரிகை வேட்டியுமாகக் கனவான்கள், ஒருவருக்கொருவர் பொன்ழூர் சொல்லிக் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நிரப்ப ஆள் வேண்டுமே? முசே தன் கிராமங்களுக்கு லாரி அனுப்பியிருந்தார். பெண்கள் வந்து இறங்கினார்கள். நடுவில் பச்சையம்மா, மடியில் கூடையோடு. “பெரிய கடை மார்க்கெட்டுக்கு எப்டியும் வரணும். லாரின்னா சும்மாவா? வந்துட்டேன்,” என்று எனக்கு விளக்கம் சொன்னாள்.

மிஸ் வீலர் ஆரம்பித்தார். அமெரிக்காவில் அதிகாரத்தை ஓரிடத்தில் வைக்கவில்லை. வாஷிங்டனுக்குக் கொஞ்சம், மாநிலத்துக்குக் கொஞ்சம், வட்டாரத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு போட்டார்கள். நான் இதைக் கூட்டுக்குடும்பத்தில் தனி அடுப்பு வைப்பது என்று தமிழாக்கினேன்.

“தனி அடுப்புன்னா வெறகு யாரு வாங்கறது?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். “நூற்றெழுபது வருஷமாக எங்கள் சண்டையே அதுதான்,” என்றார் மிஸ் வீலர். முசே மகிழ்ந்து கைதட்டினார்.

பிறகு மாமா வந்தார். அங்கிள் என்பது இங்கிலீஷில் சித்தப்பாவும் ஆகும், பெரியப்பாவும் ஆகும், மாமாவும் ஆகும். அம்மாவின் அண்ணன் என்று முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். மிஸ் வீலர் நீளமாகப் பேசினார். முடித்துவிட்டுத் தானே சிரித்தார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். முசேயும் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் புரிந்துவிட்டது என்று முகம் சொன்னது. மெல்லத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

எனக்குக் காலேஜ் தெரிந்தது. பெண்ணின் அப்பா தெரிந்தார். “பெரியவர்கள் ஊருக்கு உதவியாக இருக்கிறார்கள் என்று சொல்கிறார்,” என்றேன்.

பச்சையம்மா எழுந்தாள்.

“தம்பி, தொரசாணி இம்மாம் நேரம் பேசுச்சி. கையக் கால ஆட்டுச்சி, சிரிச்சிச்சி. நீ ஒரே வரியில முடிச்சிட்ட. மீதிய எங்க வெச்சிருக்க?”

பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். என் காது சுட்டது. இவ்வளவு பேரும் சேர்ந்து சிரிக்கும்போது பொய்யை ஒருவன் எவ்வளவு நேரம் வாயில் அடக்கி வைப்பான்? முந்தின நாள் சேற்றில் விழுந்தவன்தானே, இதிலும் விழுவோம் என்று, மீதியைச் சொன்னேன்.

“இந்த அம்மாவுடைய தாய்மாமன் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஆனால் அவரைக் கேட்காமல் யாரும் ஜெயித்ததும் இல்லை. சாலை போட வாஷிங்டன் பணம் தரும். அது மாநிலத்துக்கு வந்து, மாநிலத்திலிருந்து வட்டாரத்துக்கு வரும். வட்டாரத்தில் அதைப் பங்கிடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் கோழி சாப்பிடுகிறவர்கள். அதனால் நேராகப் போக வேண்டிய சாலை வளைந்து வளைந்து மாமாவுடைய பெட்ரோல் கடை வாசலுக்குப் போனது. வாஷிங்டனைக் கேட்டால் மாநிலத்தைக் கேள் என்பார்கள். மாநிலத்தைக் கேட்டால் வட்டாரத்தைக் கேள். வட்டாரத்தைக் கேட்டால், மாமா நல்லவராச்சே! அந்த ஊரில் பாதிச் சனம் கறுப்பர்கள். அவர்களை ஓட்டுப் போட விடுவதில்லை. வாஷிங்டன் ஏன் என்று கேட்டால், இது எங்கள் தனி உரிமை, உள்ளே வராதே என்பார் மாமா. தனி உரிமை என்று யாராவது சொன்னால், அது யாருக்குத் தனி என்று கேளுங்கள் என்கிறார் இந்த அம்மா.”

யாரும் முசேயின் பெயரைச் சொல்லவில்லை. பின் வரிசையில் ஒரு குரல் மட்டும், “நம்ம தாய்மாமன் முன்னாடிதான் குந்தினு இருக்காரு,” என்றது. இந்தத் தடவை கனவான்களிலும் இரண்டொருவர் கைக்குட்டைக்குள் இருமினார்கள்.

“அப்ப அந்தக் கறுப்புச் சனம் எங்கதான் போயி கேட்டுச்சி?” என்றாள் பச்சையம்மா.

மிஸ் வீலர் அதற்குச் சிரிக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள் என்றார். ஓர் ஊரில் பஸ்ஸில் தங்களைப் பின்னால் உட்காரச் சொன்னார்கள் என்பதற்காக, பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்திவிட்டு மாசக்கணக்கில் நடந்தே வேலைக்குப் போனார்கள் என்றார்.

“பஸ்ஸுக்காரன் என்னா பண்ணான்?”

“காலி பஸ்ஸை ஓட்டி ஓட்டி நஷ்டப்பட்டான். கடைசியில் கோர்ட்டும் அவர்கள் பக்கம் சொன்னது.”

“ஓகோ,” என்று உட்கார்ந்தாள்.

முசே லேசுப்பட்டவர் அல்ல. எழுந்தார், எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தார், கை கூப்பினார். “தாய்மாமன்னு சொல்லிட்டீங்க. சீர் செய்யாம இருப்பனா? அந்தப் பாலத்த நானே கட்டித் தர்றேன்.” கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. மிஸ் வீலருக்கு வந்த மாலை கடைசியில் முசே கழுத்தில் விழுந்தது. இறங்கும்போது அவர் என் காதருகில் மெதுவாகச் சொன்னார்: “நீங்க மதராசுலயே சௌகரியமா இருப்பீங்க, முசே.” வாழ்க்கையில் என்னை முசே என்று அழைத்த முதல் மனிதர் அவர்தான். அழைத்த விதம்தான் சரியில்லை.

நான்காம் நாள் கார் வரவில்லை. பச்சையம்மா ஊர் அம்மன் கோயிலில் ஆடிக் கூழ். மிஸ் வீலரைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தாள். கொஞ்ச தூரம் பஸ், கொஞ்ச தூரம் எருமூட்டை ஏற்றிப் போன மாட்டுவண்டி. வண்டிக்காரர் மிஸ் வீலரை மூட்டை மேல் உட்காரவைத்து, என்னைப் பின்னால் நடந்து வரச் சொன்னார். பாரம் தாங்காதாம்.

வாய்க்கால் கரையில் கூட்டமாக இருந்தது. பனைமரத்தைக் காணோம். இக்கரையில் மேட்டின் மேல் இழுத்துப் போட்டு, அதன் மேலேயே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். கூடை சுமக்கிறவர்கள் மட்டும் சேலையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனார்கள். அக்கரையில் கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய கல்யாணக்காரர்கள் நின்று, புங்கமரத்தைப் பார்த்து ஏங்கினார்கள். நல்ல வேட்டியில் சேறு பட்டுத் திரும்பினால் வீட்டில் பதில் சொல்ல வேண்டுமே! கடைக்குள் ஈ பறந்தது.

எங்களுக்கும் கூழ் கொடுத்தார்கள், கருவாட்டுக் குழம்போடு. மிஸ் வீலர் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார். நான் திரும்பிப் பார்க்கும்போது அவரும் பனைமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரன் ஆள் அனுப்பியிருக்க வேண்டும். முசேயின் கார் வந்தது.

“மரத்தப் போடுங்க,” என்றார். “பாலம் கட்டறேன்னுதான் நேத்தே சொல்லிட்டனே?”

“கட்டுங்க முசே,” என்றாள் பச்சையம்மா. “கட்டிட்டா மரம் எதுக்கு? கட்டற வரிக்கும் நாங்க சேத்துல போறோம். எங்களுக்குப் பழக்கந்தான்.”

“எப்ப கட்டணும்னு எனக்குத் தெரியும். மொதல்ல மதராஸ்காரங்க சம்மதம் வாங்கணும், டில்லிக்கி எழுதணும்.”

“எழுதுங்க. நாங்க குந்தினு இருக்கறோம்.”

முசேக்கு முகம் சிவந்து பிரெஞ்சு வந்துவிட்டது. “மெ நோன்! இது பொது வழி. பொது எடத்துல மரத்த எடுக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?”

பச்சையம்மா கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். “இது யாருதுன்னு எல்லாரையும் கேட்டுட்டோம் முசே. மதராசு எங்களுது இல்லங்குது. இங்க இருக்கறவங்க எங்களுது இல்லங்கறாங்க. டில்லிக்கித் தெரியாதாம், பாரீசுக்கு ஞாபகம் இல்லியாம். யாருதும் இல்லன்னா அப்ப எங்களுதுதான்.”

மிஸ் வீலர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். பனைமரத்தின் மேல் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார்.

முசே அக்கரைக் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவன் பஸ்ஸில் திரும்பி ஏறினான். அவனைப் பார்த்து இன்னொருவன் ஏறினான். பஸ் கிளம்பியது. வக்கீல்தான், ஆனாலும் வியாபாரி. டிரைவரைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். மத்தியானத்துக்குள் ஒரு லாரிச் செங்கல்லும் ஒரு கொத்தனாரும் வந்தார்கள். டில்லிக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னே பாலம் எழும்பிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். முசே தன் பெயரைக் கல்லில் பொறித்து வைத்தாராம். கடையையும் பஸ் புதிதாக நிற்கும் இடத்துக்கே மாற்றிவிட்டாராம். அவரை யாரும் முழுசாகத் தோற்கடித்துவிட முடியாது. ஆனால் பச்சையம்மா வீட்டு வண்டி மறுபடி மார்க்கெட்டுக்குப் போகிறது. காலேஜ் வேலை வேறு யாருக்கோ போயிற்று. பெண்ணின் அப்பா கோபித்துக்கொண்டார், பெண் கோபித்துக்கொள்ளவில்லை, டுடோரியல் சம்பளத்திலேயே தை மாதம் கல்யாணம் நடந்தது.

அந்த நான்காம் நாள் மத்தியானம் கொத்தனார் அளவெடுக்கக் கயிறு கொண்டுவந்திருந்தார். ஒரு முனையோடு அவர் அக்கரைக்குப் போனார். இந்த முனையைப் பச்சையம்மா பிடித்துக்கொண்டாள். நடுவில் கயிறு தொய்ந்து தண்ணீரைத் தொட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன்.

“தூக்கிப் புடி தம்பி.”

தூக்கிப் பிடித்தேன்.